நிரஞ்சனி கேட்ட வாக்கு

நிரஞ்சனி, புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையற்காரி. மேடையேறிப் பழக்கமில்லாதவள். 2007 மாகாணத் தேர்தலில் அவள் சுயேச்சையாக நின்றதற்கு ஒரே காரணம், அவளுடைய கணவன் எமிலியானுஸின் சாவு.

2005 நவம்பரில் வீட்டுச் சொந்தக்காரன் கட்டணம் கட்டாமல் விட்டதால், அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்கே மின்சாரம் நின்றுபோனது. கூடவே வீட்டைச் சூடாக்கும் வெப்பமும் நின்றது. மகளுக்கோ காய்ச்சல். எமிலியானுஸ் கோடையில் இறைச்சி வாட்டும் கரியடுப்பைக் குசினிக்குள் மூட்டி, தண்ணீர் சுடவைத்துப் போத்தல்களில் நிரப்பி, மகளின் போர்வைக்குள் வைத்தான். புகை பிள்ளைக்கு ஆகாதென்று குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான். விடிந்தபின் நிரஞ்சனி கதவைத் தள்ளியபோது கரிப்புகையில் மூச்சடங்கி, சுவரில் சாய்ந்தபடி கிடந்தான். போத்தல்களில் அப்போதும் கொஞ்சம் சூடு இருந்தது.

மின்கட்டணத்தையும் விதிகளையும் தீர்மானிக்கிற சபையின் பொது விசாரணைக்குப் போய், தெரிந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னாள். மரியாதையாகக் கேட்டார்கள். நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும், இவர்களை யார் தெரிவு செய்கிறார்கள் என்று கூடவந்த அண்ணன் அருமைராசாவிடம் கேட்டாள். அரசாங்கம்தான் நியமிக்கிறது என்றார் அவர்.

"அப்ப எங்களிட்ட ஒருத்தரும் வோட்டுக் கேட்டு வரத் தேவையில்லை, என்ன?"

அந்தச் சபையை மக்களே தெரிவு செய்ய வேண்டும். அவளுடைய தேர்தல் வாக்குறுதி அவ்வளவுதான். அருமைராசா தன் வான் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். பனி உறைந்த வெளிப்படிகளில் ஏறி இறங்கினாள். அவர்கள் பூசைக்குப் போகும், அருமைராசாவின் சொல் எடுபடும் கோயிலின் ஆட்கள் தேத்தண்ணி கொடுத்து, எமிலியானுஸை நினைத்துக் கண்ணைத் துடைத்து, எங்கள் வோட்டு உனக்குத்தான் பிள்ளை என்றார்கள்.

வெல்லுவேன் என்று அவளே நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கோயில் ஆட்கள் வாக்களித்த இடத்திலும் அவளுக்கு ஒன்றுமே விழாதது போலத்தான். ஏன் இப்படி என்று வானுக்குள் வைத்துக் கேட்டாள். அருமைராசா வண்டியைக் கிளப்பாமல் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் சனத்திட்டச் சொன்னனான். மற்ற ஆளுக்குப் போடச் சொல்லி."

அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அங்கே ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். கோயில் வாக்குகளைத் தன் பக்கம் திருப்பினால் விசா அலுவலைப் பார்க்கலாம் என்று பெரிய கட்சிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

"நீங்களும் அவருக்கே போட்டனீங்கள், அண்ணை?"

"ஓம்."

"முதலே சொல்லியிருந்தா நான் நிண்டிருக்க மாட்டன்."

திட்டத்தான் நினைத்தாள். கொழும்பில் இருந்த பிள்ளைகளின் முகம் குறுக்கே வந்தது. இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இலையுதிர் காலத்தில் அண்ணன் குடும்பம் வந்து சேர்ந்தது. விசா தன்பாட்டில்தான் கிடைத்தது, கட்சிக்காரர் விரலைக்கூட அசைக்கவில்லை என்று அருமைராசாவே தலை குனிந்தபடி சொன்னார். நிரஞ்சனி பிள்ளைகளுக்குக் குளிர் அங்கிகள் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனாள். வீட்டுக்கு வந்ததும் சின்னவன், "மாமி, உள்ளுக்கு நல்ல சூடாக் கிடக்கு" என்றான்.

குனிந்து அவனுடைய அங்கியின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். கண்ணீர் மறைத்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. சின்னவனே மிச்சத்தைக் கழற்றிக்கொண்டான்.