மஹய்யாவ என்றொரு கல்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கண்டிப் பக்கம் பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் சாமான் என்றால் என் கடைக்குத்தான் வருவார்கள். ஆணி விற்று ரெண்டு மாடி எழுப்பினேன். மகளை வெளிநாட்டுக்கு அனுப்பி வானம் படிக்க வைத்தேன். இதில் எவன் தயவும் இல்லை.

அவள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் கல் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அடுத்தடுத்து எடுத்த படங்களில் நட்சத்திரமெல்லாம் அப்படியே நிற்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது. அது போகும் பாதை உறுதியாக வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை வெறும் நம்பர்தான் என்றாள். எனக்கு உடனே புரிந்தது. நான் பிறந்த லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கும் நம்பர்தான் இருந்தது.

ஒருவழியாக, பெயர் சொல்லும் உரிமை அவளுக்கு வந்தது. என் கடைப் பெயரைச் சொன்னேன். வியாபாரப் பெயர் ஆகாதாம். அப்படியானால் கண்டியில் நான் பிறந்த இடத்தின் பெயரை எழுது, மஹய்யாவ, என்றேன். அவளும் அதையேதான் நினைத்து வைத்திருந்தாள்.

விஷயம் தெரிந்து அவள் மாமனார் ஓடி வந்தார். டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவர். கண்டி என்று வைக்கலாமே, ஒரு சாமி பெயர் வைக்கலாமே என்று சுற்றி வளைத்தார். கடைசியில் வாயில் வந்தேவிட்டது.

"உலகமே படிக்கிற பேரு சம்பந்தி. குப்பை அள்ளுறவங்க இருக்கிற எடத்துப் பேரா வைக்கிறது?"

கல்யாணப் பத்திரிகையிலும் இவர்தான் மஹய்யாவயை வெட்டிவிட்டு வெறும் கண்டி என்று போட வைத்தார். மகளுக்காக அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன். விடியும்போது டவுன் சுத்தமாகக் கிடக்கிறதே, அது என்ன தானாக நடக்கிறதா? கூட்டுகிற கை வேண்டும், அந்தக் கைக்காரன் குடியிருக்கும் இடத்தின் பெயர் மட்டும் நாறுமா?

"எங்கப்பா அள்ளினது உங்க கடைக் குப்பை, சம்பந்தி. டீயைக் குடிச்சிட்டு கெளம்புங்க" என்றேன்.

மகள் பெயரை அனுப்பினாள். அதற்கென்று இருக்கும் குழு மாதக்கணக்கில் யோசித்து, சரி என்று அறிவித்தது. அன்றைக்கே சம்பந்தி எனக்குப் போன் எடுத்தார். "நம்ம மஹய்யாவ வானத்துக்கே போயிருச்சே" என்கிறார். "நம்ம"வாம். எப்போதிருந்து?

கடை வாசலில் பெரிய பேனர் கட்டினேன். மகள் படம், கீழே மஹய்யாவ என்று ஆளுயர எழுத்து. தன் படத்தையும் ஓரமாகப் போடலாமே என்று சம்பந்தி மருமகன் மூலம் சொல்லியனுப்பினார். இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருக்கத்தான் செய்தது.