இஷ்டப்படி மாற்றலாமாம்

ஜமுனாமரத்தூரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். போட்டோவின் அளவைக் குறைக்க என்னிடம் பழைய சாப்ட்வேர் ஒன்று இருந்தது. ஒரே பட்டன்தான். கம்ப்யூட்டர் மெக்கானிக் அதைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டான். அதில் எல்லாப் பட்டனையும் நம் இஷ்டப்படி நகர்த்தலாம், மறைக்கலாம் என்று பெருமையாகச் சொன்னான். யார் கேட்டது?

நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். மாலை ஐந்து மணிக்கு வெப்சைட் மூடிவிடும். எல்லாவற்றையும் நிரப்பினேன். போட்டோ பெரிதாக இருக்கிறது என்று வெப்சைட் ஏற்க மறுத்தது. சுருக்கலாம் என்று சாப்ட்வேரைத் திறந்தால், பட்டன்கள் இருந்த பட்டையையே காணோம். எங்கோ கை பட்டு மறைந்திருக்கிறது. ஊரில் இருந்த இன்னொரு கடையும் அன்று பூட்டியிருந்தது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“மேல மெனுவுல போங்கண்ணே, ஈஸி.”

“அந்த மெனுவே இல்லடா!”

“நீங்கதான் மறைச்சிருப்பீங்க. உங்களுக்கு வேணும்ன்ற மாதிரி வெச்சிக்கலாம்ண்ணே.”

“எனக்கு இன்னா வேணும்னு எவன்டா கேட்டான்?”

இந்தச் சாப்ட்வேரையெல்லாம் செய்கிறவன் எவனும் ஒரு நாள்கூட என் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தேடித் தேடி ஐந்து மணி ஆகிவிட்டது.

“இன்னாங்க, போய்டுச்சா?” என்று பெண்ணின் அப்பா கேட்டார். மகள் மார்க் ஷீட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

“வா நைனா, பஸ்ஸு போய்டும்.”

மறு வருடம் அவர் தனியாக வந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுக்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். அந்த வேலை உடனே முடிந்துவிட்டது.