முட்டு கொடுக்காத வாழை

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் யேசுரத்தினம் எழுந்து நின்றார். நீட்டிய மைக்கை வேண்டாம் என்று தள்ளினார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குலசேகரம் பஸ்ஸில் முன்னால் நின்று அவர் சொல்வது பின்படியில் தொங்குகிறவனுக்கும் கேட்கும். அப்படியொரு தொண்டை.

"வியாழக்கிழமை அடிச்ச காத்த எல்லாரும் கண்டிய. எனக்க பக்கத்து விளையில அவ்வளவு வாழைக்கும் முட்டு கொடுத்து, கயிறும் கட்டியிருந்துது. ஒண்ணு மிச்சமில்ல. நான் ஒரு கம்பு ஊணல்ல. கர்த்தரே எனக்கு முட்டுன்னு விட்டேன். எனக்க வாழையில ஒரு குலை சாயல்ல!"

ஆமென், ஆமென் என்று கோவில் அதிர்ந்தது. போதகர்கூடத் தலையை ஆட்டிச் சிரித்தார். அந்தப் பக்கத்து வாழைத்தோட்டத்தின் விளைக்காரி ராஜபாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாடி முடித்த பாட்டின் பக்கத்தையே விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

நடந்தது வேறு. ஏத்தன் வாழை குலை தள்ளும் முன்பே யேசுரத்தினம் முட்டுக்கம்பு வாங்கி ஷெட்டில் அடுக்கியிருந்தார். ஊன்றத்தான் நாள் வரவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் நேரத்துக்குப் பயந்தே ஓடிய மனிதர், ஓய்வு பெற்றதும் எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவதை ஒரு சுகமாகவே பழகிக்கொண்டார். ராஜபாய் வரப்பில் நின்று கேட்டாள்: "அண்ணே, கோடைமழை வரப்போவு. முட்டு கொடுக்கல்லியா?" அவர் வானத்தைக் காட்டிச் சிரித்தார். "ஒரு கீறு மேகம் இருக்கா பாரு. நீ வாழைக்குக் கம்பு ஊணுதியா, வானத்துக்கு ஊணுதியா?"

அவள் தன் வாழைகளுக்குக் கயிறு கட்டப் போய்விட்டாள். கணவன் இறந்தபின் அந்த விளையை ஒற்றையாய்ப் பார்க்கிறவள்.

கோவிலிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அவர் மனைவி இசபெல் வாயைத் திறந்தாள். "கம்பு ஷெட்டுல கெடந்து கறையான் தின்னுது. அதுவும் கர்த்தருக்க சித்தமா?"

"சாட்சின்னா கொஞ்சம் அப்பிடித்தான் வரும், பிள்ளே."

"மடியனுக்கு வந்த சாட்சி" என்றாள் இசபெல்.

அவருக்கு அது தைக்கவில்லை. கதை சொல்லிப் பழகிய வாய். சொல்லச் சொல்லக் கதை மெருகேறும், அதில் என்ன குற்றம் என்றுதான் நினைத்தார்.

ஆனால் அவர் விட்ட கதை அவர் கையில் நிற்கவில்லை. புதன்கிழமை டீக்கடையில் மரியஜான், கண்ணாடித் தம்ளரை ஊதிக்கொண்டே சொன்னான்: "பின்ன விழாம இருக்குமா? ராஜபாய்க்க மவ அஜிஷா, கூட வேலை பாத்த வினோஜ கெட்டிக்கிட்டு போனா இல்லியா? அந்தப் பய சர்ச்சுக்கே வராதவன். ஜெபம் இல்ல, ஆசீர்வாதம் இல்ல, ரிஜிஸ்தர் ஆபீசு. அதுக்கு உள்ள அடிதான் வாழையில விழுந்துது. நம்ம கண்டக்டர் அண்ணன் சர்ச்சுல செல்லல்லியா?"

நான் அப்படிச் சொல்லவில்லையே என்று யேசுரத்தினத்தின் வாய் வரை வந்தது. கடையில் எல்லோரும் அவரை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். அவர் டீயைக் குடித்தார்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது வரிசையில் ராஜபாய் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

ராஜபாயின் விளையில் சேதம் பார்க்கத் தோட்டக்கலைத் துறையிலிருந்து சபிதா என்ற பெண் வந்தாள். எல்லை காட்ட யேசுரத்தினத்தைக் கூப்பிட்டாள். விளையின் கீழ்க்கோடியில் ராஜபாய் முற்றாத குலைகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சபிதா விழுந்த வாழைகளை எண்ணுவதற்கு முன், அவை விழுந்து கிடந்த விதத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஒக்கி புயல் அன்னைக்கு இங்க வாழ எப்பிடிக் கெடந்துது, ஐயா?"

"எல்லாம் ஒரே பக்கமா. சீப்பு வச்சு வாரின மாதிரி."

"அது புயலுக்க காத்து. கடல்ல பல நாளா சூடு குடிச்சு, சுத்திச் சுத்திப் பெருசாகி வாறது. மாவட்டம் முழுக்க அடிக்கும். வருதுன்னு முன்னாலயே செய்தியும் வரும். இது அது இல்ல. சுழல்காத்துன்னா முறுக்கிப் போட்டிருக்கும், இது முறுக்கவும் இல்ல. நடுவுல நின்னு பாருங்க."

அவர் நின்று பார்த்தார். விளையின் நடுவில் வாழைகள் நசுங்கிக் கிடந்தன. அங்கிருந்து நாலு பக்கமும், விரித்து வைத்த கைவிரல்கள் போல, வெளிநோக்கி விழுந்திருந்தன. அத்தனை நாள் வரப்பில் நடந்தும் அதை அவர் கண்டதில்லை.

சபிதா விளக்கினாள். உச்சி வெயிலில் தரை கொதிக்கும்போது, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சூடாகி மேலே ஏறுகிறது. மலையில் முட்டி இன்னும் ஏறுகிறது. காலையில் ஒரு கீறுகூட இல்லாத வானத்தில் பிற்பகலுக்குள் மேகம் கோபுரமாக நின்றுவிடும். அதன் உள்ளே மழையும் பனிக்கட்டியும் விழத் தொடங்கும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்துவிடுகிறது. கனத்த காற்று மேலே நிற்குமா? மொத்தமாகக் கீழே விழும். தரையில் மோதிய பின் அதற்கு வேறு போக்கிடம் இல்லை, நாலாபக்கமும் பாயும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு விளை போகும், அடுத்த விளை தெரியாமல் நிற்கும்.

"அப்ப எனக்க வாழ?" என்று கேட்டபோது அவர் குரல் அவருக்கே சிறிதாகக் கேட்டது.

"மேகம் மலையிலருந்து மேற்க போய்க்கிட்டு இருந்துது. வாளித் தண்ணிய நடந்துக்கிட்டே வீசினா முன்னாலதான கூடுதலா சிதறும்? உங்க விளை கிழக்க, அதுக்க முதுகுப் பக்கம். அதான் தப்பிச்சுது."

"முட்டு கொடுத்தது?"

"கொடுத்தது சரிதான். சாதாரணக் கோடைக்காத்துக்கு அது நிக்கும். இது நேரே தலையில விழுந்துது, பாவம், அந்தம்மா என்ன செய்யும்? மேகம் கொஞ்சம் முந்திக் கொட்டியிருந்தா உங்க விளைதான். முட்டும் இல்லாத வாழ, குலை ரோட்டுல கெடந்திருக்கும்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவளுக்குச் சாட்சி விவரம் தெரியாது.

கீழ்க்கோடியில் வெட்டுக்கத்தியின் சத்தம் நின்றிருந்தது. யேசுரத்தினத்துக்குக் காது மடல் எரிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சபிதா போனபிறகு அவர் ராஜபாயிடம் போனார்.

"ராஜபாயி, நான் அன்னைக்கு சர்ச்சுல..."

"இங்க ஆரு இருக்கா அண்ணே, கேக்கதுக்கு? வாழ இருக்குது, அதும் செத்துக் கெடக்குது." அவள் நிமிரவில்லை. "அங்க செல்லினத இங்க வந்து திருப்பி எடுத்தா எனக்கு என்ன ஆச்சு?"

"ஞாயித்துக்கிழமை செல்லுதேன்."

"செல்லுங்க. ஆனா எனக்க மவளுக்க பேர அங்க எடுக்கப்பிடாது. அவளுக்கு வக்காலத்துக்கு ஆள் வேண்டாம். உங்களுக்க காரியத்த மட்டும் செல்லணும்."

"நீ வருவியா?"

"வருவேன். எனக்கும் கேக்கணும் இல்லியா?"

சனிக்கிழமை முழுக்க அவர் வாய்க்குள் முனகிக்கொண்டு நடந்தார். இசபெல் கேட்டுக்கொண்டே மீன் கழுவினாள். கடைசியில் பொறுக்காமல் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, கத வேண்டாம். டிக்கெட் கிழிச்சுக் கொடுக்க மாதிரி செல்லுங்க. எங்க ஏறினிய, எங்க எறங்கினிய. அவ்வளவு போதும்."

ராஜபாய் வந்திருந்தாள். அதே மூன்றாவது வரிசை. அவள் பக்கத்தில் இரண்டு ஆள் இருக்க இடம் விட்டுத்தான் மற்றப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

யேசுரத்தினம் எழுந்தார். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கு இங்க செல்லின சாட்சி சரியில்ல. நான் ஒரு யோக்கியதையும் இல்லாத பாவி..."

"ஆமென்!" பின்னாலிருந்து மரியஜானின் குரல். தொடர்ந்து நாலைந்து ஆமென். போதகர் கண்ணை மூடி மெதுவாகத் தலையசைத்தார். இதுவும் ஒரு சாட்சியாக மாறுவதை யேசுரத்தினம் உணர்ந்தார். தாழ்மையுள்ள மனிதர் என்று பெயர் வரும். இந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். உட்கார மனமும் வந்தது, அதுதான் கொடுமை. ராஜபாய் பாட்டுப்புத்தகத்தை மூடிப் பைக்குள் வைப்பது தெரிந்தது.

"இதுக்கு ஆமென் வேண்டாம்!"

பின்படி வரை கேட்ட அந்தக் குரல் கோவிலில் முட்டித் திரும்பியது.

"கம்பு வாங்கி ஷெட்டுல போட்டிருந்தேன். மடி பிடிச்சு ஊணல்ல. அதுல விசுவாசம் ஒண்ணும் இல்ல. முட்டு கொடுங்கன்னு ராஜபாய் செல்லினா, நான் கேலி பண்ணினேன். காத்து மேகத்துலருந்து அவளுக்க விளையில விழுந்துது, எனக்கதுல விழல்ல. விழுந்திருந்தா எனக்கதுதான் முதல்ல போயிருக்கும். அவ செய்ய வேண்டியத செய்தா. நான் செய்யல்ல. கர்த்தருக்க பேரச் செல்லி அத மறைச்சேன். பொறவு டீக்கடையில அதையே திருப்பி வேற மாதிரி செல்லுனாவ. அப்பவும் நான் வாய மூடிக்கிட்டு டீ குடிச்சேன்."

உட்கார்ந்தார். ஒரு ஆமென்கூட வரவில்லை. போதகர் செருமிவிட்டுக் காணிக்கைப் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

சொன்னால் பாரம் இறங்கும் என்று அவர் நம்பியிருந்தார். இறங்கவில்லை. வெளியே செருப்புப் போடும்போது முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. மரியஜான் மட்டும் பக்கத்தில் வந்து, "அண்ணன் கடை விஷயத்த சபையில இழுத்திருக்க வேண்டாம்" என்று முறைத்துவிட்டுப் போனான். ராஜபாய் குடையை விரித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. இசபெல் கேட்காமலே பால் விடாத கட்டன் சாயா போட்டு முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமை காலை வரப்பில் மண்வெட்டியோடு ராஜபாய் நின்றாள்.

"அண்ணே, எனக்குக் கன்னு வேணும். எனக்க விளையில உள்ளது ஒண்ணும் ஒப்பேறாது."

"எடுத்துக்கோ. நான் தோண்டித் தாறேன்."

அவர் அவசரமாகக் கைக்கெட்டிய கன்றைத் தோண்டி நீட்டினார். அவள் கிழங்கைத் திருப்பிப் பார்த்து, பூச்சி துளைத்த இடத்தை விரலால் காட்டி, அவர் காலடியிலேயே போட்டாள்.

"இது வேண்டாம். நல்லதா நானே பாத்துச் செல்லுதேன். நீங்க தோண்டுங்க."

வெயில் ஏறும்வரை அவள் விரல் காட்டிய இடத்தையெல்லாம் அவர் குனிந்து தோண்டினார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு இன்னும் முடியவில்லை.