அடுப்புப் பலகைமேல் ஸ்லைடு பெட்டி

அந்த வருடம் மழை விடவே இல்லை. கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டி வீட்டில் சுவர்கள் வியர்த்தன. கொடியில் போட்ட சட்டை காயும் முன்பே பூஞ்சை பிடித்தது. நான் மதுரை நாளிதழ் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். சென்னையில் ஆய்வு மாணவியாக இருந்த தங்கை, விடுதி மூடிய மாதத்தில் ஒரு மைக்ராஸ்கோப்பும் மரப்பெட்டி நிறைய ஸ்லைடுகளுமாக வந்து சேர்ந்தாள்.

ஸ்லைடுகளில் இருந்தவை எலியின் மண்ணீரல், கல்லீரல் சீவல்கள். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகள். கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைக்கும் செல்கள் அவற்றுக்குக் கிடையாது. நோயுற்ற செல்களைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். அவை எந்தத் திசுவில் எவ்வளவு தங்குகின்றன என்பதுதான் அவள் ஆய்வு. எனக்கும் காட்டினாள். இரத்தக் குழாயின் ஓரத்தில் சிவப்புச் சாயம் ஏறிய புள்ளிகளாக அந்தச் செல்கள்.

எலிக்கூண்டு அறையில் தொற்று புகுந்ததால் எல்லா எலிகளையும் அழித்துவிட்டார்கள். மிச்சம் இந்தப் பெட்டிதான். மண்ணீரலில் செல்களை எண்ணி முடித்திருந்தாள்; கல்லீரலிலும் எண்ணினால்தான் பட்டம்.

"எலியைக் கொல்ல மருந்து கடையில விக்கிது. எலிக்குள்ள எது கொல்லுதுன்னு பாக்கவா இம்புட்டுப் படிப்பு?" என்றாள் அம்மா.

"அது எலியைக் காப்பாத்துறதும்மா."

"காப்பாத்துன லட்சணந்தான் தெரியுதே. எல்லாத்தையும் எரிச்சுப்புட்டாகளாமே."

தங்கை சிரித்துவிட்டாள்.

ஸ்லைடுகள் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. கொடைக்கானல் குளிரே போதும் என்று பெட்டியை ஜன்னலோரம் வைத்தாள். ஈரம் படக்கூடாத எதையும் எங்கள் ஊர் வீடுகளில் விறகடுப்புக்கு மேலுள்ள பலகையில்தான் வைப்பார்கள்: உப்பு, தீப்பெட்டி, ரேஷன் கார்டு. ஒரு நாள் விடியலில் வெந்நீர் போட எழுந்த அம்மா, பெட்டியையும் அங்கே ஏற்றிவிட்டாள்.

சீவலை மூடிய மெல்லிய கண்ணாடிகளை ஒட்டியிருந்தது ஜெலட்டின் பசை. அது சூட்டில் உருகி, கண்ணாடிகள் சரிந்து, திசுவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தன. தங்கை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பிறகு நான் பார்த்தேன். கிழிந்த ஓரங்கள், பரவிய சிவப்பு. செல் எது, கறை எது என்று பிரிக்க முடியவில்லை.

அம்மா காபியோடு வந்தாள். "சன்னலோரம் ஈரத்துல கெடந்துச்சு. பூத்துப்போயிரும்னு வெள்ளனே தூக்கி மேல வச்சேன். நனையலையே?"

"இல்லம்மா. காஞ்சுதான் இருக்கு" என்றாள் தங்கை.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ உன் சோலியைப் பாரு."

தங்கை மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்கவில்லை. அம்மா அங்கே நின்ற நேரமெல்லாம் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல், எண்ணுவதுபோல் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.