ஒன்பதாவது கேள்விக்குப் போட்ட கோடு

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டுக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி: "முந்தைய வேலையில் தண்டனை பெற்றதுண்டா?" அதற்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பெற்றதுண்டு. வேறு ஊர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது இரண்டு பேர் பேசியதை ஒட்டுக்கேட்டேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தேகம். பிடிபட்டேன். முதலில் சஸ்பெண்டு, பிறகு வேலையே போயிற்று. வீட்டுக்காரரும் இறந்துபோய், இரண்டு பிள்ளைகளோடு தவித்தேன்.

"ஆண்டவரே, அந்தக் கோட்டை ஒருவரும் கவனிக்கக்கூடாது" என்று உபவாசமிருந்து ஜெபித்தேன். ஜெபித்தேனே தவிர யாரையும் நம்பவில்லை. விண்ணப்பத்தை வாங்கிய கிளார்க் ஏன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்? சபையில் கிருபை அக்கா ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தாள்? பழைய ஊரில் அவள் என் அடுத்த வீட்டுக்காரி. இப்போது அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வத்தி வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

ஆடித்தபசுக்கு அடுத்த ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் அக்கா ஆஸ்பத்திரி மேனேஜரோடு பேசிக்கொண்டு நின்றாள். நான் ஆலயக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வீட்டுல முருங்கக்கா காச்சுத் தொங்குது சார். நாளைக்குக் கொண்டாரேன்."

அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எதை மறைக்க உபவாசமிருந்தேனோ, அதையே ஆலயத்தில் நின்று செய்கிறேன்! "வேலை கிடைக்காவிட்டாலும் சரி, இந்தக் காதைத் திருத்தும் ஆண்டவரே" என்று அங்கேயே அழுதேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து கதவுக்குப் பின்னால நின்னதும் நீங்கதான?"

"ஆமா சார். முருங்கக்கா பத்திப் பேசுனிய."

என் விண்ணப்பத்தை எடுத்து ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தார். "போர்டு தரமாட்டேன். நோயாளிய பேரச் சொல்லிக் கூப்பிடுத வேலை இருக்கு. செய்வியளா?"

காதுக்கு வேலை இல்லை, வாய்க்குத்தான் வேலை. என் ஜெபத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதில் உண்டா? மூன்று வருஷம் கழித்து அவரே கூப்பிட்டுப் போர்டையும் கொடுத்தார்.

கிருபை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்றும் கேட்டேன்.

"நீ சிரிச்சு எம்புட்டு நாளாச்சு ஏட்டி? நான் சிரிச்சா நீயும் சிரிப்பேன்னு பாத்தேன்."

பிரியமானவர்களே, கோடு போட்டு மறைத்தது எதுவானாலும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். கேட்கிற மனுஷரிடமும் பயப்படாமல் சொல்லுங்கள். அவர் கைவிடமாட்டார். இதை வாசித்துவிட்டு என்னைப் பற்றிப் பேசிக்கொள்வீர்கள், தெரியும். தாராளமாகப் பேசுங்கள். கதவுக்குப் பின்னால் நான் இல்லை.