ஏரிப் பக்கத்துச் சுவர்

என் அக்காவைக் கட்டியவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு ‘ஸ்பேனர்’ என்றுதான் பெயர். போன இடத்தில் ஒரு நாற்காலி ஆடினால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. என் அக்காவைத் தவிர வேறு யாராலும் உங்களோடு குப்பை கொட்ட முடியாது என்று அத்தானிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். “அதனாலதானே அவளைக் கட்டினேன் மாப்ள” என்பார்.

வீடு ஏரியை ஒட்டிய பழைய மரவீடு. தண்ணீர்ப் பக்கத்து அறையில், ஜன்னலோரம், அக்காவின் தையல் மெஷின் இருக்கும். போன கோடையில் அவளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “என்னை அந்த ரூம்ல விட்டுடுங்க. தண்ணியைப் பாத்துட்டு இருக்கேன்.”

சக்கர நாற்காலி நுழைய வாசலை அகலப்படுத்த வேண்டும். உளுத்துப்போன சுவரையும் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்த அறை ஏரிக்கரைப் பாதுகாப்புக் கோட்டுக்குள் இருந்தது. கோட்டுக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. பழையது நிற்கலாம், பழுது பார்க்கலாம். ஆனால் ஏரிப் பக்கத்துச் சுவரைப் பாதிக்கு மேல் மாற்றினால் அது புதுக் கட்டடம் என்பது விதி. கரையோர அதிகாரி, எங்களுக்கு மகள் வயசு, நேரில் வந்து பொறுமையாக விளக்கினாள். அத்தானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பிறகு தனக்குத் தெரிந்த வழியில் வேலையை ஆரம்பித்தார். டிப்போவில் ஓடுகிற பஸ்ஸை ஒரேயடியாகப் பிரித்துப் போட மாட்டார்கள். இன்றைக்கு ஒரு தகடு, அடுத்த வாரம் ஒரு கதவு. எதை மாற்றினாலும் பஸ் அதே பஸ்தான். சுவரிலும் அப்படியே செய்தார். ஒரு பலகையைக் கழற்றி, அதே அளவில் புதியதை அறுத்துப் பொருத்திய பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார். தூண்களையும் முட்டுக் கொடுத்து ஒவ்வொன்றாக மாற்றினார். எப்போது போய்ப் பார்த்தாலும் சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. கூடவே பலகை பிடித்த எனக்கும் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

வேலை முடிந்ததும் அதிகாரி பார்வையிட வந்தாள்.

“பழைய சுவர் எங்க சார்?”

“இதோ, இதுதாம்மா.”

“இதுல பழைய பலகை எது?”

அத்தான் தேடினார். நிஜமாகவே குனிந்து, எட்டி, தடவித் தேடினார். ஜன்னல் சட்டத்தைத் தவிர எதுவும் அகப்படவில்லை.

“ஒரே சமயத்துல ரெண்டு பலகைக்கு மேல கழட்டினதே இல்லம்மா. பாதியைத் தாண்டவே இல்ல.”

அவள் முகம் வாடிவிட்டது. “மொத்தமா பாத்தா முழுசும் புதுசு சார். இந்த ரூம் இங்க நிக்க முடியாது. மழைக்கு முன்னாடி எடுத்துடணும்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் யார் மேல் பாய்வது? அந்தப் பெண்ணே மேலதிகாரியிடம் போய் எங்களுக்காக மன்றாடிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். விதியைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எதிர்க்கரையில் யாரோ விடுதி கட்டி ஏரியைச் சேறாக்கியபோது, விதியைக் கடுமையாக்கு என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் முதல் ஆள் அத்தான்தான்.

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை அனுப்பிவிட்டார்கள். அவளிடம் விஷயத்தைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. வந்ததும் வராததுமாக அந்த அறைக்குத்தான் போக வேண்டும் என்றாள். நாற்காலி அகலமான வாசலில் இடிக்காமல் நுழைந்தது.

வானம் கறுக்கத் தொடங்கிய ஒரு காலையில் அத்தான் கழற்ற ஆரம்பித்தார். ஜன்னலுக்குக் கீழே முதல் பலகை, பிறகு அடுத்தது. கழற்றக் கழற்ற ஏரி அகலமாகத் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்தில், நோய் வந்த பிறகு நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

“என்னங்க, எனக்காக ஜன்னலைப் பெருசாக்கறீங்களா?”

அத்தான் கையில் பலகையோடு நின்றார். “ஆமா.”

“இவ்வளவு போதுங்க. இதுக்கு மேல எடுத்தா உள்ள சாரல் அடிக்கும்.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அடுத்த பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.