பம்ப் அறைக்குப் பின்னால் சாண எரிவாயு

கொல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பின் பம்ப் அறைக்குப் பின்னால் சாண எரிவாயுத் தொட்டி வைக்கலாம் என்று கமிட்டிக் கூட்டத்தில் சொன்னது நான்தான். அத்தனை வீட்டுக் காய்கறிக் கழிவும் கேட்டருகே அழுகிக் கிடப்பதைப் பார்த்துச் சலித்துப்போயிருந்தேன். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் மாஷிமா என்று அழைக்கும், எண்பதைத் தாண்டிய கீழ்வீட்டுப் பெரியம்மா மட்டும், நாற்றம் வந்தால் அன்றே மூடச் சொல்வேன் என்று வங்க மொழியில் எச்சரித்தார்.

பக்கத்து மாட்டுக்கொட்டகையிலிருந்து சாணம் வந்தது. அதைக் கரைத்து ஊற்றி, நாள்தோறும் நறுக்கிய கழிவைப் போட்டோம். சில வாரங்களில் தொட்டியின் மேல்மூடி உயர்ந்தது. எல்லோரையும் கூப்பிட்டு, தொட்டியோடு இணைத்த அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். தீக்குச்சிதான் அணைந்தது. மறுபடியும் அதேதான். யாரோ சிரித்தார்கள். மாஷிமா சிரிக்கவில்லை, எனக்கு அதுதான் அதிகச் சங்கடமாக இருந்தது.

கரைசலில் லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்தது. பிழை என்னுடையது. லேக் மார்க்கெட் இட்லிக் கடையிலிருந்து வாங்கிவந்த எலுமிச்சைத் தோலையும் புளிச்சக்கையையும் ஆசை ஆசையாகக் கொட்டியிருந்தேன். தொட்டி புளித்து, எரியாத கரியமில வாயுதான் அதிகம் சேர்ந்துவிட்டது.

"விட்டுடேன். இந்த வயசுல உனக்கெதுக்கு சாணமும் சகதியும்?" என்றார் கணவர்.

"எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சே. இப்ப எப்படி விடறது?"

தேங்கியிருந்த வாயுவைத் திறந்துவிட்டேன். பத்து நாள் கழிவே போடவில்லை; சாணக்கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். தினமும் காலையில் முழங்கைவரை சகதியோடு நின்றேன். இரண்டாம் நாளே கணவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

மூடி மெல்ல மேலெழுந்தது. இம்முறை யாரையும் கூப்பிடவில்லை. குச்சியைக் கிழித்து நீட்டினேன். பக்கென்று பிடித்தது, புகையில்லாமல், நீலமாக. கணவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதை அவர் பார்க்க வேண்டாமென்று.

சற்று நேரத்தில் மாஷிமா கைத்தடியை ஊன்றி வந்தார். காற்றை முகர்ந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கெட்டிலும் தேயிலையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அந்த வருடத் துர்கா பூஜையின்போது பந்தலில் டாக் மேளம் அடிக்க வந்தவர்களுக்கு நான்கு நாளும் அந்த அடுப்பில்தான் தேநீர். அஷ்டமியன்று புதுப் பட்டுப்புடவையோடு பம்ப் அறைக்குப் பின்னால் போய் நின்றேன். வந்த விருந்தாளிகள் யாரும் அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகவே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன்.